முப்பத்து மூன்றா, நாற்பத்தைந்தா

ஞாயிறு சந்தையில் சவரிராயன்
அந்த இசைத்தட்டைப் போட்டுக் காட்டிவிட்டு
அவனே சொன்னான்:
"கெட்டுப்போன பிளேட்டு சார், இருபது ரூபா கொறச்சிக் குடுங்க."
கெடவில்லை.
ஒருவர் சாக்ஸபோனின் குரல்வளையைப் பிடித்திருந்தார்,
இருவர் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
குறைத்தே கொடுத்தேன். நியாயம் எனக்கும் தெரியும்,
ஆனால் வங்கிக் காசாளன் நான்.

கடலூருக்குத் திரும்பும் பேருந்தில் மடியில் கிடத்தி
ரெட்டிச்சாவடி வேகத்தடையில்
இரு கையாலும் தூக்கிப் பிடிப்பேன்,
தலை நிற்காத பிள்ளையை மாதிரி.
"பழைய பாட்டா?" பக்கத்து இருக்கை.
"பாட்டு இல்லீங்க, ஜாஸ். அதுலயும் இது
சோதனை பண்ற ஜாஸ்."
"பாஸாயிடுச்சா?"

இப்படிச் சேர்ந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு.
நீல அட்டை நோட்டில் வாங்கிய தேதி, விலை,
யார் எதை ஊதினார்கள், எந்த நிமிடத்தில்
தாளம் கழன்று விழுகிறது என்பதுவரை.
பூங்கோதை ஒருமுறை புரட்டிவிட்டுக் கேட்டாள்:
"கழண்டு விழுறதுக்கா இவ்ளோ கணக்கு?"

அந்த நவம்பரில்
கெடிலம் புதுப்பாளையத்துக்குள் வந்தது.
வாசலில் செருப்பைக் கழற்றவில்லை.
முதலில் ஒரு முழம், விடிவதற்குள் மூன்று.
அரிசி டின்னை மாடிக்கு ஏற்றினோம்,
பத்திரங்கள், சான்றிதழ்கள்,
எதிர்வீட்டு ஜெயசீலியின் தையல் மிஷின்.
தட்டுகளின் முறை வந்தபோது மாடியில்
ஆறு குடும்பம் உட்கார்ந்திருந்தது.

நாலாம் நாள் வடிந்தது.
அட்டைகளெல்லாம் கூழ்.
நடுவில் ஒட்டியிருந்த வட்டத்தாள்களைத் தண்ணீர்
பக்குவமாக உரித்து எடுத்துப் போயிருந்தது.
நோட்டில் நீலச்சாயம் மட்டும்.
தட்டுகள் சாகவில்லை.
சேற்றைக் கழுவி, இட்லித்துணியில் ஒற்றி,
கட்டில் சட்டங்களின் நடுவே நிறுத்திக் காயவைத்தோம்
பூங்கோதையும் நானும், பேசாமல்.

எண்ணினேன். இருநூற்றுப் பதின்மூன்று.
விரலை ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி எண்ணினேன்,
ஏற்கெனவே ஈரமாகத்தான் இருந்தது.
இருநூற்றுப் பதின்மூன்று.
முப்பத்தொரு வருஷப் பணியில்
குறைந்திருக்கிறது, கைக்காசு போட்டிருக்கிறேன்.
கூடியதில்லை.
தெருவில் விசாரித்தேன்.
மைக்செட் வைத்தியலிங்கம் தன்னிடம்
எப்போதுமே கேசட்தான் என்றார்,
அதுவும் போச்சு என்றார்.

மற்றவற்றைக் காதால் கண்டுபிடித்தேன்,
ஒன்றரை வருஷம், இரவு ஒன்பதுக்கு மேல்.
இது டிரம்காரர் நாற்காலியை இழுக்கும் தட்டு.
இவர் பியானோவின் மூடியை மட்டும் வாசிப்பவர்.
இதில் ஏழாம் நிமிடத்தில் யாரோ இருமுகிறார்,
மற்றவர்கள் அந்த இருமலை வாங்கிக்கொண்டு
போகிறார்கள் பாருங்கள், போகிறார்கள்,
பக்கம் முடிந்து ஊசி உரசும்வரை
ஒருத்தரும் திரும்பவில்லை.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை.
முப்பத்து மூன்றில் போட்டால்
ஒரு கனத்த ஆள் தண்ணீருக்குள் நடக்கிறார்.
நாற்பத்தைந்தில்
துறைமுகத்து மீன் ஏலம்.
இரண்டிலும் அர்த்தம் இருக்கிறது, அதுதான் சங்கடம்.
காயும்போது வளைந்ததா, வளைத்தே வாசித்தார்களா,
எது முதல் பக்கம்,
ஊசி ஏறி இறங்கும் அந்த அலை
ஆள் ஊதியதா, ஆறு ஊதியதா.

வேறெதற்கும் எட்டிப் பாராத பூங்கோதை
இதற்கு மட்டும் சமையல்கட்டிலிருந்து வந்து
புளி கரைத்த கையோடு உட்காருகிறாள்.
"நாப்பத்தஞ்சுல போடுங்க."
சரியாக மூன்றாம் நிமிடத்தில்,
எனக்கு இன்னும் கேட்காத எதற்கோ,
"இதோ" என்கிறாள்.

அவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த அன்று
முப்பத்து மூன்றில் போட்டேன்.
வகுத்துப் பார்த்தால் அந்த இடம்
நாலு நிமிடம் மூன்று விநாடியில் வர வேண்டும்.
கடிகாரத்தோடு காத்திருந்தேன்.
நடந்துகொண்டிருந்த ஆள் அங்கே நின்று
செருப்பைக் கழற்றினார்.
அப்படித்தான் கேட்டது.